ஓலைப்பெட்டிக்குக் கனமில்லை

இல்லை, எனக்குக் கோபம் இல்லை. பெட்டியை எடுத்துவிடலாம். ஓலைப்பெட்டிதானே. ஒரு கையால் தூக்கிவிடலாம். உள்ளே இருப்பதற்கும் கனம் கிடையாது. ஒரு பாவாடை, ஒரு சட்டை, நாலு கண்ணாடி வளையல், ஒரு சீப்பு. தை பிறந்ததும் பம்பாயிலிருந்து பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வருகிறார்கள், கூடவே உன் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர். அவர்கள் தென்மேற்கு மூலையைப் பார்த்து இது என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அந்த ஒரு வாரம் மட்டும் பெட்டியை அரிமளத்தில் அத்தை வீட்டில் வைத்துவிட முடியுமா என்று எழுதியிருக்கிறாய். 'முடியுமா' என்ற சொல்லுக்கு முன்னால் ஏதோ எழுதி இரண்டு முறை அடித்திருக்கிறாய். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

உன் ஆபீஸில் மத்தியானம் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுத் தெய்வத்தைப் பற்றிச் சொன்னார்களாம். உன் முறை வந்தபோது விராலிமலை முருகன் என்று சொல்லிவிட்டாயாம். மலை, படிகள், பாறைக்குப் பாறை மயில். அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று, வரும்போது விராலிமலைக்கும் கூட்டிப்போகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். கூட்டிப்போ. ஆனால் நீ அங்கே போனது ஒரே ஒரு தடவை. மயில் அகவியதும் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, கீழே இறங்கும்வரை வெளியே வரவில்லை. பொய் சொல்லிவிட்டோமே என்று வருந்துகிறாய். வருந்தாதே. அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாம் தாயி என்று கும்பிடுகிறவள் உன் அக்கா. உனக்கு அது தெரியும். எனக்கும் தெரியும் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் நாம் இருவரும் ஒரு நாள்கூட அதைப் பேசியதில்லை. கல்யாணமாகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னிச் சாமி ஆகிறாள். அவள் துணிமணியை ஒரு பெட்டியில் போட்டு மூலையில் வைக்கிறோம். மாசிக்கு மாசி புதுத்துணி வைத்து, பானகம் கரைத்து, மாவிளக்குப் போட்டுப் படைக்கிறோம். பழைய துணியைச் சொந்தத்தில் ஒரு சிறு பெண்ணுக்குக் கட்டிவிடுகிறோம். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் முன்னால் யாரும் அழுவதில்லை. இவ்வளவுதான். இதற்கு ஒரு தபால் கார்டு போதும். இதைச் சொல்ல முடியாமல்தான் நான் பதினைந்து வருஷமாக வேறு என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா இறந்து, எனக்குப் புதுக்கோட்டையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, நாம் ஊரைவிட்டு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஆறு வயது. சாமான்கள் வண்டியில் போய்விட்டன. பெட்டியை மட்டும் நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு முழு, ஒரு அரை என்று டிக்கெட் கேட்டேன். அரை உனக்கு. கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார்.

"மடியில என்னம்மா? மேல தூக்கிப் போடுங்க, எடத்தை அடைக்குது."

"இருக்கட்டுங்க."

"பூப் போல வச்சிருக்கீங்களே. பலகாரமா?"

"ஆமாங்க. பலகாரம்."

நீ சத்தமாகச் சொன்னாய். "பலகாரம் இல்லே. தாயி."

"என்னடா தம்பி?"

உன் தொடையில் கிள்ளினேன். நகம் பதிகிற மாதிரி. உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் நீ அழவில்லை. பெட்டிக்கு முன்னால் அழக்கூடாது என்று அதற்குள் உனக்குத் தெரிந்திருந்தது. கண்டக்டர், "அப்ப ஆளுக்கொரு முறுக்காச்சும் எடுத்துக் குடுக்கிறது" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீ அண்ணாந்து பார்த்தாய். அன்று கற்றுக்கொண்டதைத்தான் இன்று பம்பாயில் செய்திருக்கிறாய். உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது.

ஆபீஸில் முதல் மாசியில் லீவு கேட்டேன். காரணம் எழுதும் இடத்தில் குலதெய்வ வழிபாடு என்று எழுதினேன். ஹெட் கிளார்க் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்துகொள்ளும் ஆசை அதிகம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"எந்த க்ஷேத்திரம்மா?"

"கோயில் இல்லீங்க சார். வீட்டுலதான்."

"வீட்டுல என்ன தெய்வம்?"

"கன்னிங்க."

"கன்னின்னா... செத்துப்போன பொண்ணா? செத்தவாளையா கும்பிடறேள்? திதி குடுக்கறது வேற. இது வேறன்னா?"

இரண்டு டைப்ரைட்டர்களும் நின்றுவிட்டன. தூணோரம் நின்ற டபேதார்கூடத் திரும்பிப் பார்த்தார். யாரும் கேலி செய்யவில்லை, அதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேலி செய்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், ஒருவேளை உண்மையையும் சொல்லியிருப்பேன். அவர்கள் ஆசையாகக் கேட்டார்கள். ஆசையாகக் கேட்பவர்களிடம் பேசுவது எனக்குப் பிடிக்கும். எழுந்து நின்று பேசினேன். கிரேக்கர்களும் ரோமர்களும் வீட்டு மூலையில் இறந்தவர்களை வைத்து விளக்கேற்றியதைச் சொன்னேன். சீனர்கள் முன்னோர் பெயரைப் பலகையில் எழுதி வைப்பதைச் சொன்னேன். இறந்தவர்மேல் உள்ள பயமும் பாசமும் சேர்ந்துதான் தெய்வம் பிறக்கிறது என்று, திருச்சியில் காலேஜில் இரண்டு வருஷம் படித்ததையெல்லாம் திரட்டி, தடங்கலில்லாமல் சொன்னேன். பயம், பாசம். அந்த இரண்டு சொல்லும் என் வாயிலிருந்து வரும்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து மைல் தள்ளி ஓர் ஊருணி இருந்தது. அது நினைவுக்கு வரவில்லை. ஹெட் கிளார்க், "பேஷ். இதை ரேடியோவுல பேசலாம்மா" என்றார். பக்கத்து மேஜை லூர்து மேரி கை தட்டினாள்.

"எங்க ஊர்ல ஒங்களை மாதிரி ஆளுங்களை அஞ்ஞானின்னு சொல்வாங்கக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க பேசுறதைக் கேட்டா நாங்கதான் அஞ்ஞானி போல இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு வருஷா வருஷம் மாசி வந்தால் என்னைப் பேசச் சொல்வார்கள். மாற்றலாகி வருகிற ஒவ்வோர் அதிகாரிக்கும் ஹெட் கிளார்க் என்னை அறிமுகப்படுத்துவார். "அம்மா வீட்டுல ஒரு விசேஷமான வழிபாடு உண்டு. கேளுங்கோ." நானும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேறும். எங்கே நிறுத்தினால் அவர்கள் தலையாட்டுவார்கள் என்று தெரிந்துபோயிற்று. அந்தக் கன்னி யார் என்று யாராவது கேட்டால், முன்னோர் ஒருத்தி, பல தலைமுறைக்கு முந்தியவள் என்பேன். தலைமுறை கூடக் கூட அவர்களுக்கு மரியாதையும் கூடியது.

லூர்து மட்டும் ஒரு நாள் வேறு மாதிரி கேட்டாள். ஐப்பசி மழை. மத்தியானம் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அந்தப் புள்ள பேரு என்ன?"

"எந்தப் புள்ள?"

"சாமியாப் போன புள்ள."

நான் சோற்றைப் பிசைந்தேன். ஏற்கனவே பிசைந்த சோறு.

"இல்லக்கா, கல்லறைத் திருநாள் வருது. செத்தவங்க பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்துவோம். எனக்கு எங்கய்யா ஒருத்தருதான். கூட ஒண்ணு ஏத்துனா என்னன்னு தோணுச்சு. ஒங்க சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிக்காது."

"பேரு தெரியணும். பேரில்லாம ஏத்துறதில்ல."

"கமலா" என்றேன்.

அந்தப் பெயர் ஏன் வந்தது என்று பின்னால் சொல்கிறேன். அந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை லூர்து கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் விரல் நுனியில் ஒட்டிய மெழுகைக் கிள்ளிக்கொண்டே ஆபீஸுக்கு வருவாள். "ஏத்திட்டேன்க்கா. காத்து ஜாஸ்தி, மூணு தடவை அணைஞ்சு போச்சு. விடலயே." நான் தலையாட்டுவேன். பன்னிரண்டு மெழுகுவத்திகள். ஒன்றுகூட என் மகளுக்கு இல்லை.

நான் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் தாயாக இருந்தேன், ஒரு தையற்காரரிடம். கீழ வீதியில் இருந்தார், இப்போது இல்லை. மாசிப் படைப்புக்குப் பாவாடை தைக்கப் போவேன். பாப்பாவுக்கு என்ன வயசு என்று கேட்பார். முதல் வருஷம் ஏழு என்று சொல்ல வேண்டியவள் பத்து என்றேன். இருந்திருந்தால் பத்துதானே. "கூட்டிட்டு வாங்கம்மா, அளவெடுத்துருவோம்" என்பார். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்பேன். அடுத்த வருஷம் பதினொன்று. நெட்டையா, குட்டையா? நெட்டைதாங்க, அவ அப்பா மாதிரி. இப்படிப் பேசுவதற்காகவே அந்த ஒரு நாளை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். பாவாடையை ஊருக்கு எடுத்துப்போய் விரித்தபோது அத்தை அதன் நீளத்தைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "இது யாருக்கு? கன்னி வளர மாட்டா. அவ எப்பவும் ஏழுதான்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் அடுத்த வருஷமும் வளர்ந்த அளவில்தான் தைத்தேன். பதின்மூன்று என்று சொன்ன வருஷம் தையற்காரர் சிரித்துக்கொண்டே, "அப்ப தாவணி போடுற வயசாச்சு. சீக்கிரம் கல்யாணச் சாப்பாடு போடுங்க" என்றார். துணியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். திரும்ப அந்த வீதிக்குப் போகவில்லை. அன்றிலிருந்து கடையில் தைத்து விற்கும் பாவாடைதான். ஏழு வயது அளவு.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். உனக்கு அப்போது நாலு வயது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம். கார்த்திகை மாதம். ஊருணி படிக்கட்டின் மேல்வரை நிரம்பியிருந்தது. சாயங்காலம் ஆகவில்லை. என் கையில் ஒரு நாவல் இருந்தது, கூடப் படித்த சிநேகிதி திருச்சியிலிருந்து அனுப்பியது. அந்த ஊரில் எனக்குப் புத்தகம் கிடைப்பது ஐந்து மாதத்துக்கு ஒருமுறை. இது காரணம் இல்லை. காரணமாக நீ எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அவள் வந்து நின்றாள். "அம்மா, குடிதண்ணி தீந்துபோச்சு. வா, போவோம்."

"இந்தப் பக்கம் முடியட்டும்."

எட்டிப் பார்த்தாள். "எம்புட்டுச் சின்ன எழுத்து. எப்ப முடியும்?"

போய்விட்டு மறுபடி வந்தாள். "முடிஞ்சிருச்சா?"

நான் விரலைப் பக்கத்தின் நடுவே வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேனா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். "நீயே போய் ஒரு செம்பு மொண்டுட்டு வா. மேல்படியிலயே நின்னு மொள்ளணும்" என்றேன்.

"தம்பியையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போகவா?"

"வேண்டாம், தூங்கட்டும்."

மேல்படியிலேயே நிற்கச் சொன்னேன். வெகு காலம் அந்த ஒரு வாக்கியத்தை எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டிருந்தேன். மேல்படி பாசி பிடித்திருந்தது. அதை நான் கவனித்ததே இல்லை. தண்ணீர் எடுக்க என்னோடு தினமும் வருகிற அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் போன பிறகு மூன்று பக்கம் படித்தேன். அந்த நாவலில் வந்த பெண்ணின் பெயர் கமலா.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கிடத்தினார்கள். செம்பு கையில் இல்லை. ஊர் கூடிவிட்டது. உன் அப்பா வேலை பார்த்த சர்க்கார் கச்சேரியிலிருந்து ஓடிவந்தார். அவர் அழவில்லை, கேட்டார். "யாரு அனுப்புனது? தனியா யாரு அனுப்புனது புள்ளையை?" ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வர இன்னும் இரண்டு மூன்று பேர்தான் பாக்கி. நான் பதில் வைத்திருந்தேன். சொல்லியிருப்பேன். அப்போதுதான் அத்தை கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தார். உன் அப்பாவுக்கு மூத்தவர், அதற்கு முன் ஒரு நாளும் அவருக்கு அருள் வந்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னப் பெண்ணின் குரலில் பேசினார்.

"நானாப் போனேன். என்னைய யாரும் அனுப்பலை. எனக்கு இந்த வீட்ல மூலை குடு. மாசிக்கு மாசி புதுத்துணி குடு. என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடக்கூடாது. என் ஆத்தா அழுகக்கூடாது. எங்காத்தா கண்ணுல தண்ணி வந்தா நான் இருக்க மாட்டேன்."

உன் அப்பா மண்ணில் விழுந்து கும்பிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். கேள்வி என்னிடம் வந்து சேரவில்லை. சாகும்வரை அவர் அதை மறுபடி கேட்கவும் இல்லை. சாமி தானாகப் போகிறது. சாமியை யார் அனுப்பினார்கள் என்று யார் கேட்பார்கள்? படித்தவள் நான், அங்கே நின்றுகொண்டு இது நிஜமில்லை என்று நினைத்தேன். நிஜமாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே சமயத்தில் நினைக்க முடியும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

போன மாசிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கேட்டுவிட்டேன்.

"மதினி, அன்னைக்கு நெசமாவே அவ வந்தாளா?"

உலக்கை நிற்கவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சு என்ன கேள்வி இது?"

"சும்மாதான் கேட்டேன்."

"வந்தாளோ வரலையோ. நீ கெணத்தையே பாத்துக்கிட்டு நின்னே. நான் பாத்துட்டேன்."

இடித்த மாவை முறத்தில் அள்ளிப் போட்டார். "எலையை எடுத்துட்டு வா, நேரமாகுது" என்றார்.

நம் கொல்லைக் கிணறு. வாசலில் நின்றால் ரேழி வழியாக நேராகத் தெரியும். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கே தெரியாது. அத்தை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாதவர். இருபது வயதில் தாலி அறுத்தவர். அவர் ஒரு நிமிஷத்தில் ஒரு தெய்வத்தை உண்டாக்கி, அதை எனக்கும் கிணற்றுக்கும் நடுவில் நிறுத்தினார். இதை நான் எந்த அதிகாரியிடம் எழுந்து நின்று சொல்வேன்? கிரேக்கர், ரோமர், சீனர். அவர்கள் வீட்டு மூலைகளிலும் இப்படி எத்தனை பேர் எத்தனை பேரைக் காப்பாற்றினார்களோ, அதைப் புத்தகம் எழுதியவர்கள் எழுதவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அத்தையும் யோசிக்காத ஒன்று உண்டு. அழுதால் நான் கிணற்றுக்குப் போய்விடுவேன் என்று பயந்து அழக்கூடாது என்றார். நான் அழவில்லை. பதினேழு வருஷம். உன் அப்பா இறந்தபோதுகூடப் பெட்டி வீட்டில் இருந்ததால் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசியது உன் காதிலும் விழுந்திருக்கும். நான் அவளிடம் மழை கேட்டிருக்கிறேன். உன் டைபாய்டு காய்ச்சல் இறங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன், உன் பரீட்சைக்குக் கேட்டிருக்கிறேன், இந்தப் பம்பாய் வேலைக்கும் அவளிடம்தான் கேட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்டதில்லை. கேட்கப் போய் வாயெடுத்தால் அங்கே சாமி உட்கார்ந்திருக்கிறது. சாமியிடம் எதையும் கேட்கலாம். இதை என் பிள்ளையிடம்தான் கேட்க முடியும். என் பிள்ளை அந்தப் பெட்டியில் இல்லை. பெயரில்லாத, வயதில்லாத, நான் கை கூப்ப வேண்டிய ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கும்பிட்டுக் கும்பிட்டு என் பெண்ணை நான் இரண்டாவது தடவையாகத் தொலைத்துவிட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்டிருக்கிறாய், அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று. என்னைப் போலப் பேசாதே. நன்றாகப் பேசாதே. பழமை என்றோ பண்பாடு என்றோ ஆரம்பிக்காதே. எனக்கு ஓர் அக்கா இருந்தாள், ஏழு வயதில் ஊருணியில் விழுந்து இறந்துபோனாள், எங்கள் வீட்டில் அவளைக் கும்பிடுகிறோம் என்று சொல். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டவர்கள்தானே, மனிதர்கள்தான். அதன் பிறகு யாராவது ஒருவர், தன் வீட்டில் இறந்த ஒருவரைப் பற்றிச் சொல்வார். அதைக் கேள். அதற்கு மேல் விளக்கம் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல். அது பொய்யாகாது. உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் எப்போது சொல்வாய், சொல்வாயா என்பது உன் இஷ்டம். நான் இடையில் வரமாட்டேன். மயிலைக் காட்டிவிட்டு ஊருக்கு அனுப்பினாலும் சரி.

பெட்டியைத் தைக்கு முன்னாலேயே எடுத்துவிடுகிறேன். நீ சொன்னதற்காக மட்டும் இல்லை. வெட்கப்படுகிற வீட்டில் ஒரு பெண்பிள்ளையை உட்கார வைக்கக்கூடாது. அந்த வெட்கம் உன்னுடையது இல்லை, நான் பஸ்ஸில் கிள்ளி ஏற்றியது. ஒரு வாரத்துக்கு என்றும் இல்லை. அத்தை வீட்டிலேயே இருக்கட்டும். உனக்கு எப்போதாவது வேண்டும் என்று தோன்றினால் நீயே அரிமளம் போய்க் கேட்டு வாங்கு. வண்டியிலோ லாரியிலோ போட்டு அனுப்பச் சொல்லாதே. மடியில் வைத்துக்கொண்டு வா. யாராவது மடியில் என்ன என்று கேட்பார்கள். அப்போது உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்.

அவள் பெயர் அழகம்மை. எழுதிப் பார்க்கிறேன். பெயரைச் சொன்னால் சாமி இறங்கிப் போய்விடும் என்பார்கள். போனால் போகட்டும். உனக்கு ழ வராது, அளகு, அளகு என்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடப்பாய். அவள் திரும்பி நின்று, அழகு, நாக்கை மடிச்சுச் சொல்லு என்று உன் வாயைக் கையால் பிடித்துக் காட்டுவாள். உனக்கு அது ஞாபகம் இருக்காது. ஞாபகம் இல்லாததை எழுதித்தான் கொடுக்க முடியும்.

மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதி நிறுத்தினேன். இன்று செவ்வாய். அத்தை வீட்டில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன். காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் லூர்து வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், பெயரையும் சொன்னேன். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கமலா யாருக்கா?" என்றாள். ஒரு புத்தகத்தில் வந்தவள் என்றேன். "இருக்கட்டும். அவளுக்கும் ஒண்ணு ஏத்திட்டுப் போறேன்" என்றாள். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்தார். அரிமளம், ஒரு முழு, ஒரு அரை என்றேன். அவர் சீட்டின் கீழும் பின்னாலும் பார்த்துவிட்டு, "புள்ள எங்கம்மா?" என்று கேட்டார். பெட்டியின் மூடிமேல் கை வைத்து, ஏழு வயசு என்றேன். அவர் இரண்டு டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். அரிமளம் வரும்வரை அழுதேன்.